ரீவா இறக்கிவைத்த சுருதி

விருது வாங்கிய அன்று எடுத்த படம் எங்கள் மாவட்டப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. நடுவில் ஆர்வில் ஃபியூகேட், எழுபத்தேழு வயது, கையில் கேடயம். அவருக்கு இடப்பக்கம் பிடில்காரர் கிளீட்டஸ். வலப்பக்கம் பாஞ்சோவோடு நான், எஸ்டில், வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். படத்தின் ஓரத்தில் ஆளுயர பாஸ் வாத்தியத்தின் கழுத்தும் ஒரு முழங்கையும் தெரியும். அந்த முழங்கைதான் ரீவா ஸ்லோன். படத்துக்குக் கீழே மூன்று பெயர்கள் போட்டிருந்தார்கள்.

ரீவா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையின் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தாள்.

"முழங்கை நல்லா விழுந்திருக்குல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

"உன் மூஞ்சியை விட நல்லாத்தான் இருக்கு."

"யோவ், கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறவனெல்லாம் பேசக் கூடாது."

ஆர்வில் அண்ணனைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த ஒரு மாதமாக எழுதித் தள்ளுகிறார்கள். ப்ளூகிராஸ் என்கிற எங்கள் மலைப் பாட்டின் கடைசிச் சிங்கம் என்கிறார்கள். அந்தச் சிங்கம் வேனில் ஏறினால் குறட்டை விட்டே எங்களைக் கொன்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் முழங்கையைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு எழுத வராது, குறை சொல்லத்தான் வரும். அதை வைத்துச் சமாளிக்கிறேன்.

ரீவா இந்த மலைக்காரி. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருமி இருமியே போனவர். பத்தொன்பது வயதில் வெண்டல் என்பவனைக் கட்டிக்கொண்டாள். வெண்டல்தான் அப்போது ஆர்வில் அண்ணனின் குழுவில் பாஸ் வாசித்தான். அவளுக்கு இருபத்தேழு வயதானபோது ஒரு புதன்கிழமை, முடி திருத்தும் கடைப் பெண் ஒருத்தியோடு ஒஹையோவுக்குக் கிளம்பிப் போய்விட்டான். துணிமணி, துப்பாக்கி, தூண்டில் எல்லாம் காரில் போயிற்று. பாஸ் மட்டும் காருக்குள் நுழையவில்லை. விட்டுவிட்டுப் போனான்.

அந்தச் சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் மீன் விருந்தும் கச்சேரியும் ஏற்பாடாகியிருந்தது. வெள்ளிக்கிழமை ஆர்வில் அண்ணன் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"பாஸ் இருக்கா, புள்ள?"

"பாஸ் இருக்கு. வாசிக்கிறவன்தான் இல்ல."

"எட்டு வருஷமா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்த. வந்து நில்லு. தப்பா வாசிச்சாலும் பரவால்ல, நேரம் தவறாம தப்பா வாசி."

அவள் வந்து நின்றாள். அது முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னால்.

எங்கள் பாட்டில் முரசு கிடையாது. தாளத்தைப் பிடித்துவைப்பது பாஸ்தான். மேடை நடுவில் ஒரே ஒரு மைக் வைத்து அதைச் சுற்றி நெருக்கி நிற்போம். பிடிலின் முறை வந்தால் கிளீட்டஸ் முன்னால் போவார், நான் ஒதுங்குவேன். என் முறை வந்தால் நான் போவேன், அவர் ஒதுங்குவார். இடித்துக்கொள்ளாமல் இதைச் செய்வதற்கே பல வருடப் பழக்கம் வேண்டும். பாஸ் வாசிப்பவருக்கு மட்டும் முறை கிடையாது. பின்னால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இத்தனை வருடங்களில் ரீவா மைக்குக்குப் பக்கத்தில் போய் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாரநாட்களில் காலை நாலு மணிக்கு எழுந்து பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போவாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு வேனை எடுப்பாள். எட்டு மணி நேரமோ ஒன்பது மணி நேரமோ அவளேதான் ஓட்ட வேண்டும். ஆர்வில் அண்ணனுக்குக் கண்ணில் புரை, கிளீட்டஸ் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார், நான் ஓட்டினால் வழி கேட்க மாட்டேன் என்று என்னை விடுவதில்லை. சனியும் ஞாயிறும் கச்சேரி. திங்கட்கிழமை அதிகாலை மறுபடியும் கோழி, உருளைக்கிழங்கு, பீன்ஸ்.

ஆர்வில் அண்ணனின் கித்தாரும் அவள் வீட்டில்தான் இருக்கும். அண்ணனின் வீடு ஓடைக்கரையில் இருக்கிறது, ஈரம் ஏறினால் மரம் வீங்கிவிடும். சுருதி சேர்ப்பதும் ரீவாதான். சுரங்கத்தில் இயந்திரச் சத்தத்தில் கழித்த வருடங்களில் அண்ணனுக்கு மெல்லிய சத்தங்கள் கேட்காமல் போயின. பிற்பாடு விரல் முட்டிகளும் வீங்கிக்கொண்டன. கித்தாரைப் பரிமாறிய தட்டைப் போலக் கைநீட்டி வாங்கிக்கொள்வார். சரியாக இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனி எங்கள் திருட்டுத்தனத்துக்கு வருகிறேன்.

ஆர்வில் அண்ணனுக்கு டால்மேஜ் என்று ஒரு மூத்த அண்ணன் இருந்தார். அவரும் பாடகர். குரல் போன பிறகும் நிறுத்தாமல் பாடினார். ஒருமுறை சந்தைத் திடலில் அவர் பாடும்போது பையன்கள் நாயைப் போல ஊளையிட்டுச் சிரித்தார்கள். அன்று கூட்டத்தில் நின்றிருந்த ஆர்வில் அண்ணனுக்கு நாற்பது வயது. அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"ஏழு கட்டையில நிக்க முடியாத அன்னைக்குக் கித்தாரை ஆணியில மாட்டிடுவேன். நிக்க முடியற வரைக்கும், வரமாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. குடுத்தவன் எடுத்துக்கற வரைக்கும் பாடித்தான் ஆகணும்."

அவர் பழைய பாப்டிஸ்ட் சபைக்காரர். அந்தச் சபையில் சொன்னால் சொன்னதுதான். ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் ரீவாவின் கார் கொட்டகையில் முதல் ஒத்திகை நடக்கும். முதல் வேலையாக, எல்லாவற்றிலும் உச்சமான பாட்டை எடுப்பார். கித்தாரின் கழுத்தில், தந்திகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வியை நாலாவது கட்டத்தில் மாட்டுவார். அங்கே மாட்டினால் அவர் வாசிக்கும் முறைக்கு ஏழு கட்டை. உச்சியில் குரல் நின்றுவிட்டால், "சரி, இந்த வருஷமும் போகலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எங்கள் மூன்று வீட்டிலும் வருடம் ஓடியது.

பதினொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்ச்சில் உச்சியில் குரல் பிசிறியது. அண்ணன் இருமினார். "சளி. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிளீட்டஸின் மனைவிக்கு அப்போதுதான் சிறுநீரக வைத்தியம் தொடங்கியிருந்தது. நான் வேலை பார்த்த சுரங்கம் மூடிவிட்டது, எனக்குப் பாஞ்சோவைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. அதோடு, பாட்டை நிறுத்தினால் அண்ணன் ஒரே வருடத்தில் போய்விடுவார் என்று நாங்கள் மனதார நம்பினோம்.

வாய் திறந்தது நான்தான். இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

"ரீவா, கித்தாரை அரைக் கட்டை இறக்கிச் சேத்துட்டா?"

"ஏமாத்தச் சொல்றியா?"

"பெரியவருக்கு ஒரு படி குறைச்சு வைன்னு சொல்றேன். நாங்களும் இறக்கிக்கிறோம். கவ்வி அதே எடத்துல இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் அண்ணனின் கித்தாரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு, "வெண்டல் மாதிரி ஒருத்தனை நம்பினவ நான். எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றாள். அடுத்த வாரம் அரைக் கட்டை இறக்கி வைத்திருந்தாள்.

அண்ணன் பாடினார். குரல் உச்சியில் போய் அசையாமல் நின்றது. பாடி முடித்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். கடவுளுக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். "சரி. இந்த வருஷமும் போகலாம்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு அரைக் கட்டை இறக்கினோம். ஆக, ஆறு கட்டை. அவர் வீட்டில் வேறு வாத்தியம் கிடையாது, அவர் சபையில் வாத்தியமே கூடாது. ஒத்துப் பார்க்க அவருக்கு எங்களைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

அண்ணனின் மனைவி வெர்னா வெள்ளிக்கிழமைதோறும் ஓடைப் பாலத்தில் வந்து நிற்பார். பன்றித் தொடை இறைச்சி வைத்த, பன்னைப் போல மெத்தென்ற பிஸ்கட்டுகளைத் துணியில் சுற்றி ஜன்னல் வழியாகக் கொடுப்பார். "மார்ச் வரட்டும், மார்ச் வரட்டும்னு சொல்றாரு. எத்தனை மார்ச்சுதான் வரும்?" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். ஆறு வருடங்களுக்கு முன்னால், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், நாங்கள் இண்டியானாவில் ஒரு திருவிழாவில் இருந்தபோது, வெர்னா தோட்டத்தில் விழுந்து இறந்துபோனார். ரீவா ஏழு மணி நேரம் ஓரிடத்தில்கூட நிறுத்தாமல் ஓட்டினாள். அண்ணன் முன்சீட்டில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பயணத்தில் அவர் குறட்டை விடவில்லை.

ஆல்பம் போன வருடம் பதிவானது. பதிவுக் கருவி முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞன் தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாத் தந்தியும் தொளதொளன்னு இருக்கே" என்றான்.

"எங்க பழக்கம் அப்படி. நீ உன் பித்தானை அமுக்கு" என்று அவன் வாயை அடைத்தாள் ரீவா.

அந்தத் தொளதொளப்புதான் பரிசு வாங்கியது. மலைக்கு அடியிலிருந்து வருகிற ஒலி என்று ஒருவர் எழுதினார். முதுமையின் இருட்டு நிறம் என்று இன்னொருவர் எழுதினார். தந்தியைத் தளர்த்தினால் அப்படித்தான் கேட்கும், வேறு ஒன்றும் இல்லை. ஆல்பத்து உறையின் பின்புறத்தில் வானொலிக்காரர் ஒருவர், 'எழுபத்தாறிலும் அதே ஏழு கட்டை' என்று எழுதிவைத்தார். காதுள்ளவர்கள் அதைப் படித்துவிட்டு மரியாதைக்காகச் சும்மா இருந்தார்கள். காதில்லாதவர்கள் கைதட்டினார்கள்.

இந்த ஆல்பத்தோடு நிறுத்திக்கொள்வது என்று ரீவா முடிவு செய்திருந்தாள். அறுபத்து மூன்று வயது. பாஸைத் தூக்கித் தூக்கி இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்லும்.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு சனிக்கிழமை தூங்கணும் எஸ்டில். வேற ஒண்ணும் வேணாம். ஜன்னல் வழியா வெயில் மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் தூங்கணும்."

அப்போதுதான் விருது வந்து சேர்ந்தது. மேடையில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் சொன்னார்: "ஏழு கட்டை இருக்கிற வரைக்கும் வருவேன்." அரங்கமே எழுந்து நின்றது. ஒரு வாரத்துக்குள் அடுத்த வருடத்துக்கு நாற்பத்திரண்டு கச்சேரிகள் பதிவாகிவிட்டன. நான் அந்த எண்ணைச் சொன்னபோது ரீவா பெரிய சட்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"நின்னுக்கோயேன். வேற ஆள் பாத்துக்கலாம்" என்றேன்.

"யாரைப் பாக்கறது? புதுசா வர்றவன் சுருதியை ஒழுங்கா சேத்துத் தொலைப்பான். நாலாயிரம் பேருக்கு முன்னாடி அண்ணன் குரல் ஒடையும். ஊளையிடுவானுங்க." சட்டியைக் கவிழ்த்தாள். "நல்லது செய்யறேன்னு நானே போய்க் கூண்டுக்குள்ள ஒக்காந்துக்கிட்டேன்யா."

அவள் போனால் அண்ணன் அவமானப்படுவார். போகாவிட்டால் அவள் அந்த வேனிலேயே சாக வேண்டும். நான் துணியை எடுத்து அவள் தேய்த்த சட்டியைத் துடைத்து வைத்தேன்.

அக்டோபரில் பள்ளிக்கூடத்தில் அண்ணனுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, விளையாட்டுக் கூடத்தில். பாட்டு டீச்சர் பிரியானா, ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அண்ணன் முன்னால் நின்று பாடுவார், பிள்ளைகள் பின்பாட்டு, டீச்சர் பியானோ. வியாழக்கிழமை மதியம் தட்டை நீட்டிக்கொண்டே டீச்சர் ரீவாவிடம் சொன்னாள்.

"எந்தச் சுருதின்னு அவரையே போன்ல கேட்டேன். ஏழு கட்டைன்னாரு. பிள்ளைங்க கொஞ்சம் கத்த வேண்டியிருக்கும், அவருக்காகச் சமாளிச்சிடுவாங்க."

பியானோவின் தந்திகளை நம் இஷ்டத்துக்குத் தளர்த்த முடியாது. அன்று மாலை ரீவா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அட, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. ஆறு கட்டையில வாசின்னா வாசிக்கப் போறா. முடிஞ்சுது" என்றேன்.

"சொல்லலாம்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் நாப்பத்திரண்டு கச்சேரி."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை. பள்ளிக்கூட வாசலில் வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு ரீவா கித்தாரை மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு தந்தியாக முறுக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள். சுருதி காட்டும் சின்னக் கருவியில் முள் பதினொரு வருடத்துக்குப் பிறகு நடுவில் போய் நின்றது.

"ரீவா, என்ன பண்ற?"

"ஒழுங்கா சேக்கறேன்."

"அவர் மனசு ஒடஞ்சு போயிடும்."

"நாளைக்கு ஊருக்கு முன்னாடி வேணாம். இன்னைக்கு வெறும் பிள்ளைங்கதான்." அடுத்த தந்தியை முறுக்கினாள். "என்னால முடியல எஸ்டில். நெசமாவே முடியல."

என் பாஞ்சோவின் தந்திகளையும் முறுக்கி ஏற்றினேன். நாள்பட்ட தந்தி ஒன்று பட்டென்று அறுந்து என் கட்டைவிரலைக் கீறியது. எனக்கு அது வேண்டியதுதான்.

கூடத்தில் தரை மெழுகின் வாசனை. நாற்பது பிள்ளைகள் பலகைப் படிகளில் நின்றார்கள். அண்ணன் கவ்வியை நாலாவது கட்டத்தில் மாட்டினார், டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். முதல் அடிகள் கீழே நடப்பவை, நன்றாகத்தான் வந்தன. பிறகு பாட்டு ஏறியது. ஏற வேண்டிய இடத்தில் குரல் பாதி வழி போய் உடைந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. பிள்ளைகள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ரீவா பாஸின் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

அண்ணன் கவ்வியைப் பார்த்தார். கட்டங்களை விரலால் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்பாடா" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். பலகைப் படியில் போய் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பல வருடங்களாகப் பார்த்ததில்லை. வேலை நேரம் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்த ஆளின் சிரிப்பு.

"முடிஞ்சுது புள்ள. எடுத்துக்கிட்டான். நாளைக்குப் பாடிட்டு ஆணியில மாட்டிடறேன். நாப்பத்திரண்டையும் வேணாம்னு சொல்லிடு, எஸ்டில்."

அவ்வளவுதான். எல்லாம் முடிந்துவிட்டது. குரல் இன்றைக்குத்தான் போனது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருக்கும் விடுதலை, ரீவாவுக்கும் விடுதலை. நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ரீவாவின் தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

டீச்சருக்கு அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நல்ல பெண். பக்கத்தில் வந்து குனிந்து சொன்னாள்.

"இதுக்குப் போய் ஏன் சார்? ஆல்பத்துல பாடின மாதிரி ஆறு கட்டையிலயே வச்சுக்கலாமே. நீங்க ஏழு சொன்னப்பவே எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துது."

அண்ணன் நிமிர்ந்தார். "ஆல்பம் ஆறு கட்டையா?"

"ஆமா சார். எல்லாப் பாட்டும் ஒரு கட்டை கீழதான்."

அவர் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக ரீவாவைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு, அண்ணே."

அவர் உதடுகள் அசைந்தன. கவ்வியை எண்ணியது போலவே வருடங்களை எண்ணினார்.

"வெர்னா போயி ஆறு வருஷம்."

"ஆமா, அண்ணே."

"அப்ப அஞ்சு வருஷம் இருந்திருக்கு."

அவர் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"ஒவ்வொரு மார்ச்சும் ஒடையணும் ஒடையணும்னு வேண்டிக்கிட்டுத்தான் பாட வருவேன். அவகிட்ட சொல்லிட்டு வருவேன், இந்தத் தடவை நின்னுடும், வீட்டோட வந்துடறேன்னு. திரும்பிப் போயி, இல்ல புள்ள, இன்னும் நிக்குதும்பேன். அவளும் சரிம்பா."

"மொதல்ல சொன்னது நான்தான், அண்ணே" என்றேன்.

"நீ வாயை மூடு எஸ்டில்."

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. அண்ணன் ஆறு கட்டையில் பாடினார். பழுது சொல்ல ஒன்றும் இல்லை. முடித்ததும் இதுதான் கடைசி என்று மைக்கில் சொன்னார். சிலர் அழுதார்கள். அவர் டீச்சருக்கு நன்றி சொன்னார், பிள்ளைகளுக்கு, கிளீட்டஸுக்கு, நாற்காலி போட்டவருக்கு, தரை பெருக்கியவருக்கு நன்றி சொன்னார். என் பெயரும் ரீவாவின் பெயரும் வரவில்லை. என்னைப் பற்றிக் கவலை இல்லை. ரீவா பாஸை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜிப் பாதியில் சிக்கியது, அதை எடுத்துவிட அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

அவரை வீட்டில் விடப் போனதும் அவள்தான். வேறு யார் ஓட்டுவது? ஓடைப் பாலத்தில் இறங்கியவர் பின்கதவைத் திறந்து தன் கித்தாரை எடுத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் அது அந்த வீட்டுக்குப் போனதில்லை.

"ஈரம் ஏறிடும், அண்ணே" என்றாள் ரீவா.

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் ரீவாவுக்கு வேலை இல்லாத முதல் சனிக்கிழமை. நான் இரண்டு வீடு தள்ளி இருப்பவன். காலை ஆறு மணிக்கு அவள் சமையலறையில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுப் போனேன். நாலு மணிக்கே எழுந்துவிட்டாளாம். யாரும் சாப்பிட வராத வீட்டில் இரண்டு தட்டு நிறையப் பிஸ்கட் சுட்டு வைத்திருந்தாள்.

"தூங்கலியா?"

"கண்ணை மூடினா பாலத்துல வெர்னா நிக்கிறாங்க. கையில துணி மூட்டை." மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அஞ்சு வருஷம் எஸ்டில். நாம ஒரு தடவை கேட்டிருக்கலாம். அண்ணே, உங்களுக்கு வீட்டுக்குப் போகணுமான்னு ஒரு வார்த்தை."

அதற்கு அடுத்த சனியும் அப்படியே. நாங்கள் காப்பி குடித்தோம், பேசவில்லை. வாயாடிகள் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது. ரீவாவின் கையெல்லாம் மாவு. நான் எடுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு தந்தியை மீட்டும் சத்தம் மட்டும் வந்தது. மறுபடியும் அதே தந்தி.

"அண்ணே?" என்றாள்.

"கேக்க மாட்டேங்குது" என்றார் ஆர்வில் அண்ணன். "கை எப்படியோ திருகுது. காதுதான் கேக்கல. நீ சொல்லு."

ரீவா மாவுக் கையோடு போனை வாங்கிக்கொண்டாள். "எங்க சேக்கணும், அண்ணே?"

அவர் அந்தத் தந்தியை இன்னொரு தடவை மீட்டினார்.

"நீ வச்சிருந்த எடத்துலயே."

"சரி. கீழ்த் தந்தியில ஆரம்பிங்க. இறக்குங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, ரொம்பப் போயிடுச்சு, ஏத்துங்க. இன்னும். அங்கதான். விட்டுடுங்க."

ஆறு தந்திக்கும் இருபது நிமிடம் ஆயிற்று. விரல் முட்டி வலியில் நடுநடுவே அவர் முனகுவது கேட்டது. ரீவா அவசரப்படுத்தவில்லை. கடைசித் தந்தி சேர்ந்ததும் அவர் மேலிருந்து கீழாக ஒரு வாட்டி மீட்டினார். அந்தத் தொளதொளத்த சத்தம் போனில் வந்தது.

"வெர்னாகிட்ட கொண்டுபோறேன்" என்றார். அவர் வீட்டுக்குப் பின்னால் மேட்டில்தான் குடும்பத்துக் கல்லறை. "அங்க வெயில் நல்லா அடிக்குது. ஈரம் இல்ல."

"சரி, அண்ணே."

போனை வைத்துவிட்டார். நன்றி சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவர் மன்னித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

ரீவா மாவு அப்பிய போனை மேசைமேல் வைத்தாள். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். வெண்டல் போன வாரம்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்து, "அடுப்புல பிஸ்கட் இருக்கு, கருக விட்றாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிஸ்கட் வெந்ததும் எடுத்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கும் எழவில்லை, பன்னிரண்டுக்கும் எழவில்லை. ஒரு மணி வாக்கில் வெயில் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக அவள் முகத்தில் விழுந்தது. திரையை இழுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவள் கேட்டது வெயில் அடிக்கும் வரைக்கும்தானே என்று விட்டுவிட்டேன். அதற்கும் அவள் எழவில்லை, குறட்டை மட்டும் கொஞ்சம் கூடியது.